பன்னாட்டு வழக்கும் பக்கத்து வீட்டுப் பாவும்

எந்தத் தொழிலை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அதைப் பிறந்த தெருவில் வைத்து மட்டும் செய்யக் கூடாது. ஊரே கைகூப்பும் டாக்டருக்கும் அவர் வளர்ந்த தெருவில் 'குண்டான்' என்றுதான் பெயர். மாவட்டத்தையே ஆளும் அதிகாரி வந்து நின்றாலும் எதிர்வீட்டு அத்தை, "மூக்கைத் தொடைக்கத் தெரியாம திரிஞ்ச பையன்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எனக்கும் தெரிந்தே இருந்தது. அப்படியிருந்தும் மூன்று கண்டங்களில் உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்களை, ஆரணியில் எங்கள் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். (வீடியோவில்தான். நேரில் வந்திருந்தால் அவர்கள் கையிலும் எதையாவது கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள்.)

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல். ஆனால் ஆரணி கோர்ட்டுப் பக்கம் பார்க்கக்கூடிய வக்கீல் இல்லை. ஒருவர் வெளிநாட்டு அரசாங்கத்தின் பேச்சை நம்பி அங்கே போய்த் தொழில் தொடங்குகிறார். பிறகு அந்த அரசாங்கம் சொன்ன சொல்லை மாற்றிவிடுகிறது. இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு முதலீட்டு ஒப்பந்தம் இருந்தால், அந்த ஆள் அந்த நாட்டின் மேலேயே வழக்குப் போடலாம். வழக்கை எந்த நாட்டு நீதிமன்றமும் விசாரிக்காது. இதற்கென்று அமர்த்தப்படும் மூன்று நடுவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். சென்னையில் இந்த மாதிரி வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் நான் அப்போது ஜூனியர்.

இதை அம்மா தெருவில் சொன்ன விதம் வேறு. "எம்பொண்ணு நாட்டுக்கு நாடு பஞ்சாயத்து பண்றா" என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் யாராவது மடக்குவார்கள்.

"இன்னாம்மா சுகந்தி, நாட்டு மேலயே கேஸ் போடறியாமே? எங்க பட்டாவுல பேரு மாத்தித் தரக் கூடாதா?"

தரக் கூடாது என்றில்லை, தெரியாது. ஒரு நாட்டையே பதில் சொல்ல வைக்கும் சட்டம் படித்த எனக்கு, பட்டாவில் பெயர் மாற்ற எந்த ஜன்னலில் போய் நிற்பது என்று இன்றைக்கும் தெரியாது. "பாக்கறேங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன். படிப்பு முழுக்க தண்டம் என்று தெரு முடிவுகட்டியிருந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் மாமாவின் வழக்கு என் கையில் வந்து விழுந்தது.

ஏகாம்பரம் மாமா எனக்கு ரத்த சொந்தம் இல்லை. தெருச் சொந்தம். (இதை எழுத்தில் கொடுத்து எதிர்த்தரப்பின் சம்மதம் வாங்கிய பிறகே வழக்கில் உட்கார்ந்தேன்.) பட்டு வியாபாரி. ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் நாற்பது வீட்டுத் தறிகளுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குபவர். பேச ஆள் கிடைத்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். இரண்டு பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு, கடல் தாண்டி ஒரு நாட்டில் பட்டு நூல் முறுக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். அந்த நாட்டின் பெயரை நான் சொல்ல முடியாது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். (தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.)

அந்த நாட்டு அமைச்சர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஏற்றுமதி அனுமதியில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தாராம். ஆலை நன்றாக ஓடியது. ஆட்சி மாறியது. புது அரசாங்கம் அனுமதியை ரத்து செய்து வாசலில் பூட்டும் போட்டுவிட்டது.

"நம்ம ஊர்ல ஆட்சி மாறுனா பஸ்ஸுக்கு பெயிண்டு மாத்துவான். அங்க கேட்டையே பூட்டிட்டான்மா" என்று மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார்.

வழக்கில் சிக்கல்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த நாட்டோடு இருந்த ஒப்பந்தத்தை நம் அரசே முறித்துக்கொண்டிருந்தது. ஆனால் முறிப்பதற்கு முன் போட்ட முதலீட்டுக்கு இன்னும் சில வருஷம் பாதுகாப்பு உண்டு. வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகும் அட்வான்ஸ் கழியும்வரை குடியிருக்கிற மாதிரி. வழக்குச் செலவு மாமாவால் தாங்கக்கூடியதில்லை. இப்போதெல்லாம் அதற்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு வெளிநாட்டு நிதி நிறுவனம் மொத்தச் செலவையும் போடும், ஜெயித்தால் வருவதில் பங்கு எடுத்துக்கொள்ளும். மாமா இதை ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். "வெளைஞ்சதுல பங்குன்னு வாரத்துக்கு நிலம் ஓட்டற மாதிரி. அவ்ளோதானே?" அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அமைச்சர் கொடுத்த வாக்கு எழுத்தில் இல்லை. அவர் பேசியபோது அறையில் இருந்தவர்களில் நம் பக்கத்து ஆள் மாமா ஒருவர்தான். அவர் சாட்சியம் நின்றால் வழக்கு நிற்கும். அதை நடுவர்கள் தள்ளிவிட்டால் ஆலைக்கு அன்றோடு கருமாதிதான். சாட்சி சொல்லும் நாள் வரைக்கும் இதை என் சீனியர் தினமும் எனக்கு ஞாபகப்படுத்தினார். என் சீனியர் கோபம் வந்தால் கத்த மாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நாம் எந்த அளவுக்குத் தொலைந்தோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து மாமாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். சீனியர் யோசனையில் ஆழ்ந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "சார், ஆரணியிலேயே வச்சுக்கலாம். எங்க தெருதான். என் பொறுப்பு."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை இப்போதும் திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

வீடியோவில் சாட்சி சொல்வதற்கு நடுவர்கள் விதிகள் போட்டு அனுப்பினார்கள். சாட்சி அறையில் தனியாக இருக்க வேண்டும். இரண்டு கைகளும் கேமராவில் தெரிய வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் கேமராவைச் சுற்றிக் காட்டி, மேஜைக்கு அடியில்கூட ஆள் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குறுக்கு விசாரணை தொடங்கியதும், அது முடிகிறவரை சாட்சி தன் வக்கீலோடு பேசவே கூடாது. "சாப்பிட்டாரான்னுகூட நீ கேக்கக் கூடாது" என்று சீனியர் விளக்கினார். நான் மாமாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"சாப்டியானு கேக்கக் கூடாத கேஸ் ஒரு கேஸாம்மா?" என்று மாமா முகம் சுளித்தார்.

அவர் வீட்டு முன்னறையைச் சாட்சி அறையாக்கினோம். மாமா உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதற்குக் கனமான திரை போட்டோம். நான் பின்னறையில் என் லேப்டாப்போடு. ஒத்திகையின்போது மாமா கேமராவைச் சுற்றிக் காட்டினார். பீரோவுக்குப் பின்னால் அவர் மனைவி சரோஜா அத்தை முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தே! நீங்க இங்க இருக்கக் கூடாது!"

"நான் வாயே தொறக்க மாட்டேன். ஓரமா குந்திகினு பாத்துட்டுப் போறேன். அது என் புருஷன்தானே?"

அத்தையை வெளியேற்ற, விசாரணை முடிந்ததும் பதிவை டிவியில் போட்டுக் காட்டுவதாகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் தெரு முனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் எழுந்து நின்றது. மாமா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போனில் பேசுகிறார். அவருக்குப் பின்னால் பூமி உருண்டை. மேலே, 'உலக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் எங்கள் சிங்கமே! நாட்டுக்கே நோட்டீஸ் விட்ட நாயகனே!' நான் எந்த நாட்டின் பெயரைச் சொல்ல முடியாது என்றேனோ, அந்த நாட்டின் பெயர் கொட்டை எழுத்தில், கொடியோடு. இடது மூலையில் வட்டத்துக்குள் நான். பிளஸ் டூ ஹால் டிக்கெட்டில் ஒட்டிய போட்டோ. இரட்டைப் பின்னல், நெற்றி நிறைய விபூதி, திருடி மாட்டிக்கொண்டதுபோல ஒரு விழி. கீழே 'இவண், நண்பர்கள் குழு.'

"மாமா! இந்த விசாரணை ரகசியம்!"

"ரகசியம்தான். அதான் கேஸ் நம்பர் போட வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் மாமா, தன் முன்யோசனையை மெச்சிக்கொண்டே.

நானே நின்று பேனரை இறக்கிச் சுருட்டி, மாமா வீட்டு மாடிப்படிக்கு அடியில் திணித்தேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். "நல்ல கனமான ஃபிளெக்ஸு, எதுக்காவது ஆவும்" என்று அத்தை தடுத்துவிட்டார்.

அடுத்த வேலை சத்தத்தை அடக்குவது. தறிச் சத்தம் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் தடுமாறுவார் என்று வீடு வீடாகப் போய் நாளைக் காலை மட்டும் தறி ஓட்ட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாமாவின் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவும் ஒப்புக்கொண்டார். அதுதான் ஆச்சரியம். மாமா கார் நிறுத்துகிற இடத்தைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் எல்லைத் தகராறு. தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. (அதைத் தீர்க்க எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை.) "உனக்காகத்தான் ஒத்துக்கறேன், அந்த ஆளுக்காக இல்ல" என்றார் அக்கா.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத தெரு அது என்பதை நான் மறந்துவிட்டேன். சென்னையில் கொஞ்ச நாள் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

கார்த்திகை மாதம். நடுவர்கள் சிட்னி, சிங்கப்பூர், வான்கூவர் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்ததால் எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் நமக்கு விடியற்காலையில் அமைந்தது. பல நாள் மழை விட்டு, அன்றுதான் விடிந்ததும் பளிச்சென்று வெயில். மாமா, தன் மகன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த நீலக் கோட்டை மேலே போட்டுக்கொண்டு, கீழே லுங்கி கட்டி, கைத்தடியை நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கேமரா சுற்றியது. பீரோவுக்குப் பின்னால் யாரும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் மிக நாகரிகமான மனிதர். கத்தியை வெல்வெட்டில் சுற்றிக் குத்துவார். கோலாலம்பூரில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மையார் அவர் கேள்விகளைத் தமிழில் சொல்ல, மாமா ஒவ்வொன்றுக்கும் ஆலை கட்டக் கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து ஆரம்பித்தார்.

சிட்னியில் இருந்த தலைமை நடுவர் அம்மையார் குறுக்கிட்டார். "ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்."

"அப்டி சொன்னா பாதி உண்மைதாங்க வரும். மீதியை எங்க வெக்கறது?" என்றார் மாமா. மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். தலைமை நடுவர் சிரித்ததுபோல இருந்தது. எனக்கு நம்பிக்கை துளிர்த்தது.

வெல்வெட் வக்கீல் கடைசியாக அந்த இடத்துக்கு வந்தார். "நீங்கள் அனுபவமுள்ள வியாபாரி. எழுத்தில் இல்லாத ஒரு பேச்சை நம்பி இவ்வளவு பெரிய முதலீட்டை யாராவது செய்வார்களா? அமைச்சர் உண்மையில் என்னதான் சொன்னார்?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் வருஷக் கணக்கில் உழைத்திருந்தோம். திரையில், சென்னையில் இருந்த சீனியர் முன்னால் சாய்ந்தார். மாமா தொண்டையைச் செருமினார்.

"அமைச்சரு என் கையை இப்டி புடிச்சிகினு, இன்னா சொன்னாருன்னா..."

தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. "மழ! மழ! பாவு! ஓடியாங்க!"

இந்த இடத்தில் பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள் மொத்தத்துக்கும் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை பிரித்து, வெயிலில் காய வைப்பார்கள். ஈரக் கஞ்சி மேல் மழை விழுந்தால் பட்டு இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சிடுக்காகி, பல சேலைகளுக்கான நூல் குப்பைக்குப் போகும். அதனால் எங்கள் தெருவில் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. பாவு வெளியே இருக்கும்போது தூறல் விழுந்தால், எந்த வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். அந்த வீட்டோடு சண்டையா சமாதானமா என்பதெல்லாம் மழை விட்ட பிறகு யோசிக்கும் விஷயம்.

மாமா திரையிலிருந்து காணாமல் போனார். அதாவது, எழுந்து, ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் விலக்கி, வானத்தைப் பார்த்து, "அய்யய்யோ" என்று சொல்லி, முழங்கால் ஆபரேஷன் ஆன அந்த மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே போனார். கைத்தடி மட்டும் நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மைக்கை அணைத்திருக்க வேண்டும். நடுவர்களிடம் மன்னிப்புக் கேட்டு இடைவேளை வாங்கியிருக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம், அதற்கு மேல் வெளிநாட்டில் ஒரு பட்டம், இவ்வளவும் சேர்ந்து எனக்குக் கொடுத்த அறிவு அந்த நொடியில் எங்கே போனதோ தெரியாது. என் கால் ஓடியது, நான் கூடவே போனேன்.

வெளியே கஸ்தூரி அக்காவின் பாவு தெரு நீளத்துக்குக் கிடந்தது. அரக்குச் சிவப்பு. கண்ணைப் பறித்தது.

"அக்கா, இன்னிக்குப் போயி எதுக்குப் பாவு போட்டீங்க?" என்று கத்தினேன்.

"நீதானே தறி ஓட்டாதேன்னே? சத்தம் வராத வேலையா பாத்து செய்றோம். இப்ப அதை ஆராய்ச்சி பண்ணாத, ஜல்தியா புடி!"

பாவை இரண்டு முனையிலும் விறைப்பாகப் பிடித்தபடியே சுருட்டிக்கொண்டு வர வேண்டும். ஒருவர் தளர்த்தினாலும் போச்சு. பாவு முனையில் மாட்டியிருந்த மூங்கிலைப் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்திருந்தது யார் என்று நிமிர்ந்து பார்த்தால், நீலக் கோட்டு.

"சுகந்தி, தளர வுடாத, இழுத்துப் புடி!" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்குப் படித்த படிப்பு திரும்பி வந்தது. தப்பான நேரத்தில்.

"மாமா, பேசாதீங்க! குறுக்கு விசாரணை முடியல! நீங்க என்கிட்ட பேசக் கூடாது!"

"இழுத்துப் புடின்னு சொல்றதுகூடவா தப்பு?"

"எதுவுமே பேசக் கூடாது மாமா!" என்று அலறிவிட்டு, நானே பேசிவிட்டதை உணர்ந்து, கஸ்தூரி அக்கா பக்கம் திரும்பினேன். "அக்கா, அவரை அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் புடிக்கச் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடம் வாய் திறந்தார். "அந்தப் பக்கம் தூக்கணுமாம்."

"எவ்ளோ தூக்கணும்னு கேளு கஸ்தூரி."

"எவ்ளோ தூக்கணும்னு கேக்கறாரு. ஏன்டி, உங்க ரெண்டு பேருக்கும் எப்ப சண்ட?"

மழை வலுத்தது. இருந்த தார்ப்பாய் பாதிப் பாவுக்குத்தான் காணும். "மூடறதுக்கு எதாவது எடுத்தாங்க!" என்று தெருவே கூவியது. சரோஜா அத்தை வீட்டுக்குள் ஓடினார். எதை எடுக்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை மூங்கிலில் இருந்தது, விட முடியாது. அத்தை மாடிப்படிக்கு அடியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்து, நான்கு பேர் நான்கு மூலையைப் பிடிக்க, மாமா வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே விரித்துத் தூக்கிப் பிடித்தார்கள். பூமி உருண்டை, கூலிங் கிளாஸ், கொட்டை எழுத்தில் நாட்டின் பெயர், இரட்டைப் பின்னல். திரை விலகிய ஜன்னல் வழியே மூன்று கண்டங்களும் அதைப் பார்த்தன.

பாவு தப்பித்தது. ஒரு இழைகூட ஒட்டவில்லை. தெருவே சிரித்தது. கஸ்தூரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அழுகிறாரா மழையா என்று தெரியவில்லை. நான் மட்டும் வழக்கைக் கொன்றுவிட்டு வந்தவளைப்போல வீட்டுக்குள் நடந்தேன்.

திரையில் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. தலைமுடியில் கஞ்சி வழிய நான் போய் உட்கார்ந்தேன். கோட்டெல்லாம் வெள்ளைத் திட்டோடு மாமா அவர் இடத்தில் உட்கார்ந்து, மறக்காமல் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தார். சீனியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியே தேய்ந்துவிடும் என்று தோன்றியது.

வெல்வெட் வக்கீல் நிதானமாக ஆரம்பித்தார். பயணம் செய்ய முடியாதவர் என்று மருத்துவச் சான்றிதழ் கொடுக்கப்பட்ட சாட்சி குதிரைபோல ஓடியதை எல்லோரும் பார்த்தோம். முக்கியமான கேள்விக்கு நடுவே எழுந்து போய்த் தன் வக்கீலோடு மழையில் நின்று பேசியிருக்கிறார். ரகசியமாக இருக்க வேண்டிய வழக்குக்குப் பேனர் வைத்திருக்கிறார்கள், அதில் வக்கீலின் படமும் இருக்கிறது. "அது பள்ளிக்கூடப் படம் என்று தோன்றுகிறது" என்று சேர்த்துக்கொண்டார். இந்தச் சாட்சியத்தை முழுவதுமாக நீக்க வேண்டும் என்று கேட்டார்.

முடிந்தது. மாமாவின் ஆலை போயிற்று. ஊருக்கு வந்து பெருமையடிக்க நினைத்து அவர் வாழ்க்கையையே மூழ்கடித்துவிட்டேன். உண்மையிலேயே அழுகை வந்தது. கஞ்சி கண்ணில் பட்டதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

தலைமை நடுவர் மாமாவைக் கேட்டார். "வெளியே உங்கள் வக்கீலோடு வழக்கைப் பற்றிப் பேசினீர்களா?"

"அவ எங்கங்க பேச வுட்டா? இழுத்துப் புடின்னேன், அதுக்கே கத்துனா. அப்பறம் எல்லாம் கஸ்தூரி மூலமாத்தான்."

மொழிபெயர்ப்பாளர் அம்மையார் தொண்டையைக் கனைத்தார். மைக் அணையாமல் இருந்ததால், தெருவிலிருந்து வந்த பேச்சு முழுவதையும் தாம் கடமை தவறாமல் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்ததாகவும், அது அப்படியே பதிவாகியிருப்பதாகவும், அதில் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றும் சொன்னார். அந்தப் பதிவை நான் பிறகு படித்தேன். 'உன் கை வெந்துபோக, இழுடா' என்று எங்கள் தெரு பாசத்தோடு சொன்னது, 'ஐயா, தங்கள் கை வெந்து போகட்டும், தயவுசெய்து இழுக்கவும்' என்கிற அளவுக்கு மரியாதையான ஆங்கிலத்தில் ஏறியிருந்தது.

தலைமை நடுவர் இன்னும் விடவில்லை. "அந்த நூல் உங்களுடையதா?"

"பக்கத்து வூட்டுதுங்க."

"உங்கள் கூட்டாளிகளா?"

"சேச்சே. தீபாவளிலேந்து எனக்கும் அவங்களுக்கும் பேச்சே இல்லீங்க. சுத்த பேஜார் புடிச்ச குடும்பம்."

"பிறகு ஏன் ஓடினீர்கள்? உதவ வேண்டும் என்று ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா?"

மாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கொஞ்சம் எரிச்சலோடே சொன்னார். "பாவு வெளிய கெடந்துச்சிங்க. நாங்க வருவோம்னுதானே போட்டிருக்காங்க?"

வான்கூவர் நடுவர் எதையோ எழுதிக்கொண்டார். வெல்வெட் வக்கீல் கொஞ்ச நேரத்துக்கு முன்தான், எழுத்தில் இல்லாததை யார் நம்புவார்கள் என்று கேட்டிருந்தார். சென்னையில் சீனியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி. அமைச்சர் என்ன சொன்னார், சொல்லுங்கள்" என்றார் தலைமை நடுவர். மாமா சொன்னார். கடைக்காலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை.

சாட்சியம் நின்றது. ரொம்ப நாள் கழித்துத் தீர்ப்பும் எங்களுக்குச் சாதகமாக வந்தது. மாமாவை நம்புவதாக நடுவர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் அன்று காலை வீணான நேரத்துக்கான செலவு எங்கள் தரப்பின் தலையில் விழுந்தது. பேனருக்காகத் தனியாக ஒரு பத்தியில் கண்டனம். அந்த நாடும் சும்மா இல்லை. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறது. அது இன்னும் நடக்கிறது. "ஜெயிச்சும் ஒண்ணும் வரலியே, இதுக்கு ஆரணி கோர்ட்டே தேவலாம்" என்கிறார் மாமா.

சீனியர் என்னைத் திட்டவில்லை. அடுத்த பல மாதம் எந்தக் கேமரா முன்னாலும் உட்கார விடாமல், ஆவணங்களுக்குப் பக்க எண் போட வைத்தார். ஆனால் எங்கள் அலுவலகம் இப்போது எந்த வீடியோ விசாரணைக்கு விதிகள் எழுதினாலும் அதில் ஒரு வரி இருக்கும்: சாட்சி இருக்கும் இடத்தில் திறந்தவெளியில் நடக்கும் எந்த வேலையும் வானிலையால் பாதிக்கப்படுமா என்று முன்கூட்டியே விசாரித்துத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு வக்கீல்கள் அதைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவார்கள். பன்னாட்டுச் சட்டத்தின் வளர்ச்சிக்கு நான் அளித்த ஒரே பங்களிப்பு அது.

மாமா வீட்டுக்கும் கஸ்தூரி அக்கா வீட்டுக்கும் எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். என்னை எப்போது பார்த்தாலும் மாமா ஐந்தடி தள்ளி நின்று, "இன்னாம்மா, இப்ப பேசலாமா? இல்ல, கஸ்தூரிய கூப்புடட்டுமா?" என்று கேட்பார். என் கல்யாணத்தன்று மேடையிலும் கேட்டார். மைக்கில்.

அந்தப் பேனர்? அது கஸ்தூரி அக்கா வீட்டுக்கே போய்விட்டது. நல்ல கனமான ஃபிளெக்ஸ், எதற்காவது ஆகும் என்று அத்தை சொன்னது சரிதான். பாவு வெளியே இருந்து மழை வந்தால் முதலில் விரிப்பது அதைத்தான். என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தூறல். தெருவில் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது, யார் வீட்டுப் பாவு மேலோ மல்லாந்து படுத்து நனைந்துகொண்டிருந்த என் இரட்டைப் பின்னல்தான். அப்படியிருந்தும் சம்மதம் சொன்னார். அதற்கு என்ன காரணம் என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

போன வாரம் சென்னையில் ஒரு பெரிய கூட்டம். நாலு நாட்டு வக்கீல்களுக்கு நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் போன். அவசரமாக இருக்குமோ என்று வெளியே வந்து எடுத்தேன்.

"ஆரணியில நல்ல மழ. நீ ஒண்ணும் கவலப்படாத" என்றார் அம்மா. "உன்ன எடுத்து விரிச்சிட்டாங்க. பாவுக்கு ஒண்ணும் ஆவல."